தண்ணியில்லாக் காட்டு வழியே கடலுக்கு

முதல் நாள், வியாழன் இரவு, சாயல்குடி

மகனிடம் "காட்டுக்குள்ள நடந்து போய்க் கடல் பாக்கப் போறோம்" என்று சொன்னது என் தப்புதான். பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் காடு என்றால் டாப்சிலிப், போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். யானை, அட்டை, மழை. மதுரையில் வண்டி ஏறும்போது பார்க்கிறேன், பைக்குள் ரெயின்கோட் மடித்து வைத்திருக்கிறான். மாசி மாசம், ராமநாதபுரம் மாவட்டம், ரெயின்கோட்! அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காரியாபட்டி தாண்டுகிறவரை ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கத்துக் 'காடு' வேறு. அப்பா சின்ன வயதில் "காட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொன்னால் மிளகாய்ச் செடிக்குக் களை எடுக்கப் போய்விட்டு வந்தார் என்று அர்த்தம். புன்செய் நிலமும் காடு, கருவேலம் மண்டிக் கிடந்தாலும் காடு, பனை நின்றால் பனங்காடு, உடைமரம் நின்றால் உடங்காடு. மொத்த மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு பட்டப்பெயர் இருக்கிறதே, தண்ணியில்லாக் காடு. அரசு வேலையில் இருக்கிறவர்களை மேலதிகாரி மிரட்டுவதென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்" என்பாராம், அடிக்கிற இடம் இதுதான். அப்பா உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அப்படிச் சொன்ன ஒருவரிடம் "சார், அது என் சொந்த ஊரு, தாராளமா அடிங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை நான் ஒரு நூறு தடவை கேட்டிருப்பேன், இன்றைக்கு அருப்புக்கோட்டையில் காபி குடிக்கும்போது நூற்றியொன்று.

ராமநாதபுரம் சுற்றாமல் கமுதி வழியாகப் போனோம். கமுதிப் பக்கம் சூரிய மின்தகடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, 648 மெகாவாட் நிலையம், 2016இல் வந்தபோது உலகத்திலேயே பெரிசு என்றார்கள். வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாது என்று சொன்ன ஊரில் வெயிலையே விளைவிக்கிறார்கள், கெட்டிக்காரத்தனம்தான். அதைத் தாண்டினால் திரும்பவும் சீமைக் கருவேலம், நடுநடுவே கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கிறது. விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, காற்றில்லாமல் நாள்கணக்கில் உள்ளேயே கனியவிடுகிற வேலை. மரத்தை வேரோடு எடுக்கச் சொல்லி நீதிமன்றம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டது, எடுக்க எடுக்க முளைக்கிறது, அதை வெட்டிக் கரியாக்கித்தான் பல வீட்டில் அடுப்பும் எரிகிறது. இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ரோட்டோரம் முழுக்க மிளகாய் காய்கிறது. குண்டு மிளகாய், கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, பழுத்துக் கருஞ்சிவப்பில். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐப்பசி மழையை நம்பிப் போட்டு மாசி, பங்குனியில் பழம் எடுப்பார்கள். வண்டியின் கண்ணாடியை இறக்கினோம், மகன் தும்மினான், அப்பா மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அத்தை வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் இரண்டாகிவிட்டது. வாசலில் தள்ளுவண்டி நிற்கிறது, நாலு சக்கரம், குடங்கள் நிற்கக் குழிகள். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கொரு தள்ளுவண்டி இருக்கும், தண்ணீருக்கு மட்டுமே உள்ள வண்டி. இப்போது காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிறது, இருந்தாலும் வண்டியை யாரும் விற்கவில்லை. "வரும்னு நம்பி வண்டிய வித்துட்டு, வராத அன்னிக்கு என்ன செய்ய?" என்கிறார் அத்தை. மகன் அந்த வண்டியில் உட்கார்ந்து தெருக்கோடி வரை தள்ளச் சொன்னான்.

இரவு நண்டுக் குழம்பு. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, விரலெல்லாம் எரிகிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்றைக்கு நடந்தது வெட்டி நடை.

திட்டம் என்னவென்றால், மாரியூருக்கும் மூக்கையூருக்கும் இடையில் எங்கேயோ ஒரு கரை இருக்கிறது, ரோடு கிடையாது, பனங்காட்டுக்குள்ளும் உடங்காட்டுக்குள்ளும் நடந்துதான் போகவேண்டும், அப்பா தன் ஐயாவோடு சின்ன வயதில் போயிருக்கிறார். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஞாபகம். "நடந்தா அரை மணி" என்றார். நான் செல்போனில் மேப்பைத் திறந்தேன், கடல் வரைக்கும் ஒரு சாம்பல் கோடு இருந்தது, அப்புறம் என்ன. "அது இல்ல தாயி, அங்கிட்டு இல்ல" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். கேட்கவில்லை.

கோடு ஒரு இறால் பண்ணையின் முள்கம்பி வேலியில் போய் முட்டியது. உள்ளே குட்டைகள், தண்ணீரைக் கலக்குகிற சக்கரங்கள் சுற்றுகிற சத்தம், மூன்று நாய்கள். காவலுக்கு இருந்தவர் நல்ல மனுஷன், நாய்களை அதட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார், ஆனால் வழி இல்லை என்று சொல்லிவிட்டார். முன்னே பாதை இருந்ததுதானாம். மணி பதினொன்று, இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடை, நிழல் என்று சொல்ல ஒரு எருக்கஞ்செடி. மகன் தலையில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தான், ஆக அதற்கும் ஒரு பயன் வந்துவிட்டது.

சாயங்காலம் மாரியூர் பூவேந்தியநாதர் கோவிலுக்குப் போனோம். கோவிலுக்குப் பக்கத்திலேயே கடல். அம்மன் பேர் பவளநிறவல்லி, பவளப்பாறை இருக்கிற கடலோரத்தில் இந்தப் பேரை வைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரைத் திருவிழாவில் சாமியே வலை வீசிச் சுறா பிடிக்கிற திருவிளையாடலை இந்தக் கடலில் இறங்கி நடத்துவார்கள், அத்தை சின்னப் பிள்ளையில் இருந்து பார்க்கிறார்.

கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு, அதுதான் நல்லதண்ணித் தீவு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், அதில் இது ஒன்று. மேற்கே வேம்பாறுப் பக்கம் போனால் உப்புத்தண்ணித் தீவு என்று இன்னொன்று. பேர் வைத்தவர்கள் அழகைப் பார்த்து வைக்கவில்லை, இறங்கிக் குடித்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இப்போது யாரும் குடித்துப் பார்க்க முடியாது, 1986இல் இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக்கூடாது.

ராத்திரி மாமாவிடம் வழி கேட்டதற்கு அவர் சிரித்தார். "மேப்புல பாத்தா எப்படித் தெரியும்? பனையேறுறவர் ஒருத்தர் இருக்காரு, சொல்லி வைக்கிறேன். விடியுமுன்ன போயிருங்க, அவரு ஏறி முடிச்சிட்டாருன்னா அப்பறம் நிக்க மாட்டாரு."

மூன்றாம் நாள், சனி

ஐந்தே முக்காலுக்குப் பனங்காட்டு விளிம்பில் நின்றோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோறு, அப்பா கையில் ஒரு கம்பு. கம்பு ஊன்றுவதற்கு இல்லை, சுருட்டை விரியனுக்கு. இந்த வறண்ட மணல்காட்டுப் பாம்பு அது, மணல் நிறத்திலேயே இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வராதீர்கள். மூடிய ஷூ, கெட்டியான அடி. அடி ஏன் கெட்டியாக இருக்கவேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

பனையேறி (அப்பாவைவிடப் பத்து வயதுதான் சின்னவர் இருப்பார், அப்பாவை "அண்ணாச்சி" என்றார்) ஏற்கனவே மேலே இருந்தார். இருட்டுக்குள் உச்சியிலிருந்து 'சரக்கு சரக்கு' என்று சத்தம் மட்டும் வருகிறது, பாளை சீவுகிற சத்தம். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம், ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியைத் தகடு மாதிரி மெல்லிசாகச் சீவவேண்டும், நாள்கணக்கில் சீவாமல் விட்டால் கண் அடைத்து ஊறுவது நின்றுபோகும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அது இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள். அதற்கு மேல் வித்தியாசம் இல்லை. இறங்கி வந்தவர் இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். கேட்கக்கூட இல்லை, ஓலையை இரண்டு மடிப்பு மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுத்தார். பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஆண்பனை முதலில் விடுமாம். மகன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான், இரண்டாவது பட்டையை அவனே நீட்டினான்.

வழியை அவர் சொன்ன விதத்தை அப்படியே எழுதிவைக்கிறேன்: "இந்தா இந்த வரிசைப் பனையப் புடிச்சிட்டே போங்க, மொட்டப்பனை ஒண்ணு வரும், இடி விழுந்தது, அங்கன சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா பழைய விடிலி, கூரை இருக்காது, அதுக்குப் பெறகு ஆட்டுத்தடம்தான். ஆடு போற பக்கமே போங்க, அது கடலுக்குத்தான் போகும்." கிலோமீட்டர் கணக்கு கேட்டேன். "என்னத்த கிலோமீட்டரு, வெயிலு ஏறுறதுக்குள்ள போயிரலாம்" என்றார்.

ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், போனில் ஓடிய கணக்கு. மேடு பள்ளம் கிடையாது, மூச்சு வாங்காது, ஏழு வயதுப் பிள்ளையும் நடக்கும், எழுபது வயது முட்டியும் நடக்கும் (அப்பாவுக்கு எழுபத்தொன்று). கஷ்டம் மணலில்தான். முதல் ஒரு கிலோமீட்டர் செம்மணல், இறுகிக் கிடக்கும், ஜோராக நடக்கலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வெளுத்துக்கொண்டே வந்து கால் புதைய ஆரம்பிக்கிறது.

பனங்காட்டை வெறும் மர வரிசையாக நினைத்திருந்தேன். விடிகிற நேரத்தில் உள்ளே நின்றால் மேலே ஓயாத சலசலப்பு, காற்றில் காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசி மழை பெய்கிற மாதிரியே கேட்கிறது. மகன் ஒரு நிமிஷம் நிஜமாகவே வானத்தைப் பார்த்தான். ஓலைக்கு அடியில் கூடு கட்டுகிற பனை உழவாரன்கள் சீறிக்கொண்டு போகின்றன, மொட்டப்பனை உச்சியில் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்தது, பறக்கும்போது மட்டும் அந்த நீலம் தெரியும். மயில்கள் ஏராளம். கீழே விழுந்து கிடந்த மட்டையை மகன் வாள் மாதிரி எடுத்து வீசினான், கருக்கு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரண்டு பக்கமும் ரம்பப்பல் மாதிரி இருக்கும், தொடாதே என்று சொல்வதற்குள் நடந்துவிட்டது. அப்பா பதறவில்லை, "பனங்காட்டுக்குள்ள வந்தா ஒரு கோடாவது வாங்கணும்" என்று தன் முழங்கையில் உள்ள வெள்ளைத் தழும்பைக் காட்டினார். இத்தனை வருஷம் அது சைக்கிளில் விழுந்த தழும்பு என்று நினைத்திருந்தேன்.

பழைய விடிலி வந்தது. விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற குடிசை. கூரை இல்லை, அடுப்பு மட்டும் கரிப்பிடித்து அப்படியே இருக்கிறது. அப்பா அதன் முன்னால் நின்றுவிட்டார். இது அவர் தெரிந்த விடிலிதானா, வேறொன்றா என்று அவருக்கே தெரியவில்லை. பொம்பளைகள்தான் காய்ச்சுவார்களாம், பொங்கி வழியாமல் துழாவிக்கொண்டே இருந்து, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. புகை, வேக்காடு, மேலே வெயில். ஏறுகிற ஆம்பளையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், காய்ச்சுகிற பொம்பளைக்குத்தான் கண் போகும் என்றார். ஐந்து நிமிஷம் உட்காரலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

அங்கிருந்து உடங்காடு. நான் இதற்கு முன்னால் இத்தனை உடைமரங்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உச்சியை யாரோ மட்டம் பிடித்து வெட்டிவிட்டது போலத் தட்டையாக, குடை விரித்த மாதிரி. நம் தென்கடலோரத்திலும் இலங்கையிலும்தான் இந்த மரம், சீமைக் கருவேலம் மாதிரி வெளியிலிருந்து வந்தது இல்லை. நிழல் மெல்லிசு, சல்லடையில் சலித்த மாதிரி விழும். ஆடு மேய்க்கிறவர்கள் தொரட்டியால் நெத்தை (முற்றிக் காய்ந்த காயை) உலுக்கிவிடுவார்கள், ஆடு அதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறது. நெத்து விழுகிற இடத்தில் முள்ளும் விழும், வெள்ளை வெளேரென்று விரல் நீளம். இப்போது சொல்கிறேன், ஏன் கெட்டியான அடி என்று: என் ஷூவில் ஏழு முள், அதில் ஒன்று உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. மகன் ஒவ்வொரு முள்ளுக்கும் நின்று பிடுங்கிச் சட்டைப் பையில் சேர்த்தான்.

வழியில் சங்கம்பழம் இருந்தது, வெள்ளையாகச் சின்னச் சின்னதாக, அப்பா பறித்துக் கொடுத்தார். சுமாரான ருசி. அவருக்கு மட்டும் அமிர்தம்.

காடு முடிவது சத்தத்தில்தான் தெரிந்தது. ஓலைச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது, இப்போது வேறொரு மெல்லிய இரைச்சல். முன்னால் ஒரு மணல்மேடு, மேட்டில் ராவணன் மீசை. பேருக்கு ஏற்ற புல், குத்துகிற குத்தில் மீசைதான். காற்றில் பந்து மாதிரி உருண்டு ஓடுகிற அதன் காய்ந்த கதிரைத் துரத்திக்கொண்டு மகன் மேலே ஏறினான், ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டான். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

மேட்டின் அந்தப் பக்கம் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு சரிவு முழுக்கப் படர்ந்து இறங்குகிறது, அதற்குக் கீழே வெள்ளை மணல், அதற்குக் கீழே கடல். ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை ஒரு படகு, அதுவும் கரையில் இழுத்துப் போட்ட வத்தை. மீனவர்கள் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், அது அடங்கிக் கிடக்கும், இது எப்போதும் அலையடிக்கும். இன்றைக்கு ஆண்கடலும் அடங்கித்தான் கிடந்தது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் இந்த இடத்தில் மணல் கண்ணை மறைக்கும், நிற்கவே முடியாது, ஆகவே போகிறவர்கள் தை, மாசி, பங்குனியில் போங்கள்.

ஆளில்லாத கரை என்றதும் சுத்தமான கரை என்று நினைத்துவிடாதீர்கள். அறுந்த நைலான் வலை, மெத்து, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்புகள் (ஏன் எப்போதும் ஒற்றைச் செருப்பு?), எல்லாம் கடல் கொண்டுவந்தது. அலை ஓரத்தில் கடல்புல் பழுப்பு நாடாவாகக் குவிந்து கிடந்தது. ஆவுளியா மேய்வது இதைத்தான், கடற்பசு என்று பாடப் புத்தகத்தில் இருப்பதை இங்கே ஆவுளியா என்பார்கள். பார்க்க வாய்க்கவில்லை, புல் மட்டும்தான். மகன் ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தான், முழுக்கத் தேன்கூடு மாதிரிக் குழிகள், செத்த பவளம். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். கூடாதுடா, 2001இல் இருந்து பவளமும் புலியும் சட்டத்தில் ஒரே வரிசை என்றேன், நம்பவில்லை, ஆனால் புலி என்ற வார்த்தைக்காகத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

பத்து மணிக்குள் தண்ணீர் பிரச்சினை வந்துவிட்டது. கையைக் கழுவுகிறேன் என்று மகன் ஒரு பாட்டிலை முழுக்கக் கவிழ்த்துவிட்டான், இன்னொன்று மூடி சரியாகப் போடாமல் பைக்குள்ளேயே. புளிச்சோறு மட்டும் தப்பித்தது. திரும்பி நடக்க ஒன்றரை மணி நேரம், கையில் ஒன்றரை லிட்டர், மூன்று பேர். எனக்கு உள்ளே பக்கென்றது. அப்பா மட்டும் எழுந்து மணல்மேட்டுக்குப் பின்பக்கம் போனார்.

போய்ப் பார்த்தால் முட்டி வலிக்காரர் முட்டி போட்டு மணலைத் தோண்டுகிறார். ஊத்து. முழங்கை ஆழத்தில் ஈரம் வந்தது, இன்னும் கொஞ்சம் தோண்டத் தண்ணீர் கசிந்தது, வாயில் வைத்தார், துப்பினார். உவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது, "பரவால்லப்பா, இருக்கிறது போதும்" என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தார், மேட்டுக்குப் பின்னால் தாழம்புதர் பச்சையாக இருந்த ஒரு தாழ்வில் நின்றார், மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை மகனும் கூடத் தோண்டினான், சிரட்டைக்குப் பதிலாகச் சோற்று டப்பா மூடி.

"ஆழமாத் தோண்டாதடா, உப்பு ஏறிரும். கொஞ்சம் ஊறட்டும், கலக்காத."

இதற்குக் காரணம் உண்டு. மழை மணல்மேட்டில் விழுந்தால் ஓடாது, அப்படியே கீழே இறங்கும். நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதனால் கடலிலிருந்து மண்ணுக்கடியில் வருகிற உப்புத் தண்ணீர் மேல் மழைத்தண்ணீர் ஒரு ஆடை மாதிரி மிதந்து நிற்கும். மேலாக அள்ளினால் குடிக்கலாம். பொறுமை இல்லாமல் தோண்டினாலோ, குழாய் போட்டு மோட்டாரில் இழுத்தாலோ ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீரும், நாலு கிலோமீட்டர் உள்ளே ஊருக்குள் உவரும் இருப்பது இதனால்தான். தனுஷ்கோடியில் இப்படித்தான் ஊத்து தோண்டி இன்றும் குடிக்கிறார்கள்.

கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். குழிக்குள் தண்ணீர் ஏறியதை மூன்று பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம், அடுப்பில் பால் வைத்த மாதிரி. முதலில் கலங்கல், பிறகு மணல் அடியில் படிந்து தெளிந்தது. அப்பா மூடியால் மேலாக மோந்து குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை, மூடியை என்னிடம் நீட்டினார். சப்பென்று இருந்தது, கடைசியில் நாக்கில் மெல்லிய ஒரு கரிப்பு, ஆனால் ஜில்லென்று, குடிக்கிற தண்ணீர்தான். (கொதிக்க வைக்காத தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்தாயா என்று அக்கா கேட்பாள். கொடுத்தேன். இந்த நிமிஷம் வரை வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.)

புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து உடைமர நிழலில் நாலு மணி வரைக்கும் படுத்துக் கிடந்தோம். அந்த நேரம் பற்றி எழுத ஒன்றும் இல்லை, தூங்கினோம். கிளம்பும்போது ஒரு பாட்டிலில் ஊத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, குழியை மகன் மூடப் போனான். அப்பா தடுத்துவிட்டார். ஆடு குடிக்கும் என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு, மதுரை திரும்பியபின்

காலையில் பனையேறியிடம் போய்க் கருப்பட்டி கேட்டோம். இப்போது இல்லை, பங்குனிக்குப் பிறகுதான் காய்ச்சுவோம், வேண்டுமென்றால் சொல்லிவைக்கிறேன் என்றார். கடையில் இப்போதே விற்கிறதே என்றேன். "அது சீனி பேசுற கருப்பட்டி" என்றார், சீனி கலந்ததாம். வாங்காமல் வந்தோம்.

திரும்பும்போது வாலிநோக்கம் சுற்றி வந்தோம், உப்பளம் பார்க்க. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம், பாத்தி பாத்தியாக வானம் கீழே இறங்கிக் கிடந்த மாதிரி. 2022இல் இருந்து நெய்தல் என்ற பேரில் பாக்கெட் உப்பு விற்கிறார்கள், அத்தை வீட்டிலும் அதுதான். நேற்று ஒரு சிட்டிகை உப்பு கரித்ததற்காகக் குழியைவிட்டுக் குழி தோண்டிய அப்பா, இன்றைக்கு மலை மாதிரிக் குவித்திருந்த உப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தில் பத்து நிமிஷம் நின்றோம், 593 ஹெக்டேர், 1998இல் அறிவித்தது. கண்மாயில் தண்ணீர் நடுவில் சுருங்கிப் போயிருந்தது, மஞ்சள் மூக்கு நாரைகள் கொஞ்சம் மிச்சம். மார்கழியில் வந்திருக்கவேண்டும்.

ஏர்வாடி, ராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரை. வண்டிக்குள் புழுக்கம், அப்பா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் ரெயின்கோட்டுக்குள் மணல், சட்டைப் பையில் பதினான்கு முள் எண்ணி வைத்திருக்கிறான். நாளைக்கு வகுப்பில் காட்டவேண்டுமாம். முள்ளோடு சேர்த்து அந்த ஊத்துத் தண்ணீர்ப் பாட்டிலையும் கொண்டுபோகப் போகிறானாம், அதைத் தேடினான். முன்சீட்டுக்கு அடியில் கிடந்தது. காலி.

"தாத்தா!"

"தாகமா இருந்துச்சுடா," என்றார் அப்பா. கதவில் செருகியிருந்த கடையில் வாங்கிய பாட்டில் மூடி உடைக்காமல் அப்படியே இருந்தது.